கொண்டைக்குருவி விதைத்த மிளகாய்

மொட்டை மாடியில் கேபிள் கம்பி போகிற கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் தொட்டிகளைப் பாருங்கள். யாரும் விதைக்காத செடிகள் அங்கேதான் முளைக்கும். வேம்பு, மணத்தக்காளி, சுண்டை, இவற்றோடு சில சமயம் ஒரு மிளகாய். கொண்டைக்குருவியும் மைனாவும் எங்கோ பழம் தின்றுவிட்டு வந்து கம்பியில் உட்கார்ந்து எச்சமிட்டதன் விளைவு. அப்படி வரும் மிளகாய் பெரும்பாலும் காந்தாரிதான். ஊசி மிளகாய் என்றும் சொல்வார்கள், ஈழத்தில் கொச்சிக்காய். தாவரவியல் பெயர் கேப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ்.

காட்டு மிளகாய் என்று பேச்சுக்குச் சொன்னாலும், நம் நாட்டுக் காடு எதிலும் மிளகாய் தோன்றவில்லை. எல்லா மிளகாய்க்கும் தாய்நாடு அமெரிக்கக் கண்டங்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். காந்தாரி இங்கே தோட்டத்தைத் தாண்டி, பறவை துணையோடு தானே பரவுகிற செடி. அசல் காட்டு மிளகாய் பார்க்க வேண்டுமென்றால் மெக்சிகோவுக்கும் அமெரிக்காவின் தென் எல்லைக்கும் போக வேண்டும். அங்கே பட்டாணி அளவில் உருண்டையாகக் காய்க்கும் சில்டெபின் இன்றும் புதரில் தானாக வளர்கிறது.

காட்டு மிளகாய்க்கென்று சில குணங்கள் உண்டு. காய் சிறிதாக இருக்கும், வானத்தைப் பார்த்து நிற்கும், பழுத்தால் காம்பை விட்டுச் சுலபமாகக் கழன்று வரும், விதை ஒரே நாளில் முளைக்காமல் விட்டுவிட்டு முளைக்கும். முளைப்பைத் தவிர மற்ற எல்லாமே பறவைக்காக. மனிதன் பயிராக்கிய மிளகாயில் இவை தலைகீழாக மாறின: காய் பெரிதானது, தொங்கியது, காம்போடு ஒட்டிக்கொண்டது, விதை ஒன்றாக முளைத்தது. காந்தாரி பாதி வழியில் நின்றுவிட்ட செடி, பழைய குணங்களில் பெரும்பகுதியை இன்னும் விடவில்லை. மாடியில் இதை வளர்த்துத் தோற்பவர்களில் பலர், சம்பா மிளகாய்க்குக் காட்டுகிற அதே கவனிப்பைக் காட்டித்தான் தோற்கிறார்கள். தண்ணீர், உரம், வெயில் மூன்றிலும் இதற்குக் குறைவாகவே வேண்டும். பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

இது மிளகாய்தானா?

நாற்றுப் பருவத்தில் குழப்பம் சகஜம். கத்திரிக் குடும்பம் முழுக்கச் சின்ன வயதில் ஒரே சாயல். மிளகாய் இலை வழவழப்பாக, ஓரம் வெட்டில்லாமல், நுனி கூராக இருக்கும். மணத்தக்காளியின் இலை ஓரத்தில் அலையோ மெல்லிய பல்லோ தெரியும். சுண்டையின் இலை சொரசொரப்பாக, ஓரம் மடல் மடலாக வெட்டுப்பட்டிருக்கும். கொஞ்சம் வளர்ந்தால் தண்டில் முள் வந்துவிடும். தூதுவளையிலும் முள் உண்டு. முள் இருந்தால் மிளகாய் இல்லை, அவ்வளவுதான். ஊமத்தை நாற்றும் தொட்டிகளில் வரும். அதன் இலை சீக்கிரமே பெரிதாகும், கசக்கினால் குமட்டுகிற வாடை. அதைத் தொட்டிருந்தால் கையைக் கழுவிவிடுங்கள்.

பூ வந்துவிட்டால் சந்தேகம் முக்கால்வாசி தீரும். மணத்தக்காளிப் பூங்கொத்து இலைக்கணுவை விட்டுத் தள்ளி, தண்டின் நடுவில் இருந்து கிளம்பும். மிளகாய்ப் பூ கிளை பிரிகிற இடத்தில், இலைக்கணுவிலேயே வரும்.

எந்த மிளகாய் என்பது அடுத்த கேள்வி. சாதாரணச் சமையல் மிளகாய், அதாவது கேப்சிகம் ஆனுவம், ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் ஒரே பூ பூக்கும், இதழ் பால் வெள்ளை. காந்தாரியில் ஒரு கணுவில் இரண்டோ மூன்றோ பூ சேர்ந்து வரும். இதழ் வெள்ளையாக இல்லாமல் வெளிர்பச்சை கலந்திருக்கும், மகரந்தப்பை நீலச் சாயல். பூக்காம்பு நிமிர்ந்து நின்றாலும் பூ மட்டும் தலையைச் சற்றுச் சாய்க்கும். வடகிழக்கின் நாகா மிளகாய் வகையான கேப்சிகம் சைனென்ஸில் காம்பும் புல்லிவட்டமும் சேருகிற இடத்தில் நூல் கட்டி இறுக்கியது போல ஒரு வளையம் தெரியும். காந்தாரியில் அந்த வளையம் இருக்காது. இதழின் அடியில் மஞ்சள்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது தென் அமெரிக்க மிளகாய் இனமான கேப்சிகம் பக்காட்டம். விதை வாங்கிப் போட்டவர் மாடியில்தான் அது இருக்கும், பறவை கொண்டு வந்திருக்க வாய்ப்பு குறைவு.

காய் மேல் நோக்கி நிற்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் ஊதா, மஞ்சள், சிவப்பு என்று ஒரே செடியில் பல நிறம் காட்டி விற்கிற அலங்கார மிளகாயும் நிமிர்ந்துதான் காய்க்கும். அது பெரும்பாலும் ஆனுவம் இனம். காரம் இருக்கும், வாசம் சுமார். சாப்பிடுவதற்கென்று வளர்த்ததல்ல என்பதால் ஊடுருவும் பூச்சிமருந்து அடித்திருக்க வாய்ப்பு உண்டு. வாங்கி வந்தபோது செடியில் இருந்த காயையும் பூவையும் கிள்ளி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் காயைச் சமையலுக்கு எடுங்கள்.

உண்மையான ஆபத்து ஒன்றுதான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்து ஆசையாகத் தொட்டியோடு வாங்கி வரும் ஒரு அழகுச்செடியில் உருண்டையான ஆரஞ்சு-சிவப்புப் பழங்கள் இருக்கும். ஜெருசலேம் செர்ரி என்பார்கள், தாவரவியலில் சொலானம் சூடோகேப்சிகம். நச்சுப் பழம். உருண்டை மிளகாய் என்று நினைத்துக் குழம்பில் போட்டுவிடக் கூடாது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் போதும்: மிளகாயின் உள்ளே வெற்றிடம், நடுவில் வெண்மையான சதை, அதில் ஒட்டிய தட்டை விதைகள். இந்தப் பழத்திலும் மணத்தக்காளியிலும் தக்காளி போல உள்ளே சாறு நிரம்பியிருக்கும். சந்தேகம் வந்தால் வெட்டுங்கள், கடித்துப் பார்க்க வேண்டாம்.

விதை

தானாக முளைத்த நாற்று கிடைத்தால் நான்கைந்து இலை இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். சுவர் வெடிப்பில் இருந்தால் பிடுங்காதீர்கள், ஆணிவேர் அறுந்துவிடும். மழை பெய்த மறுநாள் ஒரு பழைய கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தால் வேர் முழுசாக வரும்.

விதையில் இருந்து தொடங்குபவர்கள் நன்றாகச் சிவந்து, தொட்டாலே கழன்று வருகிற பழத்தை எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பிளந்து, விதையைத் தண்ணீரில் அலசி, ஒட்டியிருக்கும் சதையை முழுக்க நீக்குங்கள். இதைச் சோம்பல்பட்டு விடுபவர்கள் அதிகம். சதையின் வாசம் எறும்பை இழுக்கும், சதையில் பூஞ்சை பிடிக்கும். பறவையின் வயிறு செய்வதும் இதைத்தான். பொலிவியாவின் காட்டு மிளகாயை வைத்து நடந்த ஆய்வில், பறவை வயிற்றைக் கடந்த விதையில் பூஞ்சை குறைந்ததும் எறும்பின் கண்ணில் இருந்து அது தப்பியதும் தெரியவந்தது. அந்த வேலையை நம் வடிகட்டியும் குழாய்த் தண்ணீரும் செய்யும்.

அலசிய விதையைத் தட்டில் பரப்பி நிழலில் நான்கு நாள் காய வைக்கவும். செய்தித்தாள் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். பழத்தில் இருந்து எடுத்த உடனே போட்டால் விதை உறக்கத்திலேயே கிடக்கும். ஒரு மாதம் வைத்திருந்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

குழித்தட்டில் ஒரு குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். ஊடகம் அலசிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. ஒரு கிலோ கலவைக்கு நோய்க்கிருமியை அடக்கும் நுண்ணுயிர்ப் பொடியான சூடோமோனாஸோ டிரைகோடெர்மா விரிடியோ ஒரு தேக்கரண்டி கலந்துவிட்டால் நாற்றழுகல் குறையும். முளைத்த நாற்று தரையோடு சாய்ந்து, தண்டின் அடி நூல் போல மெலிந்தால் அதுதான் நாற்றழுகல். அதற்குப் பிறகு மருந்து இல்லை. காரணம் எப்போதும் ஈரம்தான். குழித்தட்டை நாள் முழுக்க பிளாஸ்டிக் போட்டு மூடி வைக்காதீர்கள், சென்னைக் காற்றில் இருக்கிற ஈரமே போதும்.

முதல் முளை 10 நாளில் வரலாம், கடைசி முளை நான்கு வாரம் கழித்தும் வரலாம். சம்பா மிளகாய் எட்டு, பத்து நாளில் மொத்தமாக முளைப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டாவது வாரமே தட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். ஐந்து வாரம் பொறுங்கள்.

விதைக்க ஏற்ற காலம் ஆடி. வடகிழக்குப் பருவமழைக்குள் நாற்று வேர்பிடித்து நின்றுவிடும், தை மாசியில் நல்ல காய்ப்பு. தையில் விதைத்தாலும் வரும், ஆனால் முதல் பூ விடுகிற நேரத்தில் கத்திரி வெயிலில் மாட்டும்.

தொட்டி, மண், தண்ணீர்

காந்தாரி நாற்பது நாளில் ஆறேழு இலையோடு இடம் மாறத் தயாராகிவிடும். இது ஒரு பருவப் பயிர் இல்லை, மூன்று நான்கு வருடம் நிற்கிற புதர். எனவே 15 அங்குலப் பை கொடுங்கள். 12 அங்குலத்தில் வளரும், ஆனால் இரண்டாவது கோடையில் வேர் சுருண்டு திணறும். செம்மண் இரண்டு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒன்று, மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒன்று, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மண் கனமாக இருந்தால் ஆற்று மணலோ பெர்லைட்டோ சேர்க்கவும். தக்காளியோ கத்திரியோ வாடிச் செத்த பை மண்ணை இதற்குப் போடாதீர்கள்.

கேரளத்திலும் குமரியிலும் இது தென்னைக்கும் வாழைக்கும் இடையில், பாதி நிழலில் வளர்கிற வீட்டுச்செடி. நம் மொட்டை மாடியின் மே மாதத் தளம் அதற்குப் புது அனுபவம். 35 டிகிரிக்கு மேல் போனால் பூ கொட்டும். மாலையில் ஈரம் இருந்தும் பூ உதிர்கிறதே என்று உரம் போடுவது வீண் வேலை. 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், அல்லது முருங்கை, செம்பருத்தி போன்ற பெரிய செடியின் கிழக்குப் பக்கம் நகர்த்துங்கள். காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தாலே போதும். ஆடியில் வெப்பம் தணிந்ததும் பூ தானாக வரும்.

தண்ணீர் விஷயத்தில்தான் சென்னைக்கென்று தனிச் சிக்கல். பல பகுதிகளில், கடற்கரை ஓரத்தில் குறிப்பாக, போர் தண்ணீரில் உப்பு அதிகம். பை ஓரத்தில் வெள்ளைப் படிவு, பழைய இலைகளின் நுனி தீய்ந்தது போலப் பழுப்பாவது, இவை உப்பின் அடையாளம். மெட்ரோ தண்ணீரோ சேமித்த மழைநீரோ கிடைக்கும்போது பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி, அடியில் வடியவிட்டுக் கழுவிவிடுங்கள். கலவைக்கு வாங்கும் தென்னைநார்க் கட்டியையும் அலசாமல் பயன்படுத்தக் கூடாது, அதிலும் உப்பு உண்டு.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கடினநீர் மண்ணில் காரத்தன்மையை (அமிலத்துக்கு எதிரான தன்மையை) கூட்டியதால் வேர் அதை எடுக்க முடியவில்லை. இந்த நிலையில் அடுப்புச் சாம்பல் போட்டால் இன்னும் கெடும். கீலேட் இரும்பு லிட்டருக்கு அரை கிராம் கரைத்து இலையில் மாலை வேளையில் தெளித்தால் ஓரிரு வாரத்தில் புதுத் தளிர் பச்சையாக வரும்.

விரலை ஒரு அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நண்பகலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை. மண் ஈரமாக இருந்தும் மறுநாள் காலை நிமிரவில்லை என்றால் வேர் அழுகலோ பாக்டீரியா வாடலோ. அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயில் இருந்து பால் போல இழை இறங்கினால் பாக்டீரியா. செடியோடு மண்ணையும் அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

ஐப்பசி தொடங்கும் முன் பைகளை இரண்டு செங்கல் மீது ஏற்றி, அடித்துளைகளைக் குத்திவிட்டு, புயல் காற்றுக்கு ஒரு தாங்குகுச்சி கட்டிவிடுங்கள். மழை வாரங்களில் உரம் வேண்டாம். மற்ற மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும், மாதம் ஒரு முறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யமும் தாராளம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரா வாரம் ஊற்றினால் இலை மதமதவென்று வளரும், காய் வராது, அந்த இளம் இலைக்கு அசுவினி படையெடுக்கும்.

இலை சுருளும்போது

இலைச்சுருட்டை என்று ஒரே பெயரில் மூன்று வேறு பாதிப்பைச் சொல்கிறோம். மருந்து பலிக்காததற்குக் காரணம் அதுதான். இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு போல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த படகு போல, காம்பு நீண்டு, நுனித்தளிர் தடித்துப் பளபளத்தால் முரணைச் சிலந்தி. இலை சிறுத்து, கொத்தாகி, மஞ்சள் பச்சைத் திட்டோடு கணு குறுகினால் வெள்ளை ஈ கொண்டு வந்த வைரஸ்.

இலைப்பேனுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய 2 மில்லி திரவ சோப்பு, ஐந்து மணிக்கு மேல் இலையின் அடிப்பக்கம் படும்படி, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கூடவே நீல ஒட்டுப்பொறி. சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், கத்திரி வெயிலிலும் வேண்டாம், இலை வெந்துவிடும். வைரஸ் வந்த செடிக்கு எதுவும் பயனில்லை. பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. மிச்சச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.

அணில், எலி பெரும்பாலும் மிளகாயைத் தொடாது. பறவை தொடும். பாலூட்டிகளின் நரம்பில், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பற்றிக்கொள்கிற ஏற்பி பறவைக்கும் உண்டு, ஆனால் அதில் இந்தக் காரம் உறைக்காது. அந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கொண்டைக்குருவிக்குப் பங்கு தர மனமில்லாதவர்கள் வலை போடலாம். பச்சையிலேயே பறித்தாலும் போதும், அது சிவந்த பழத்தைத்தான் தேடும்.

வருடம் ஒரு முறை, ஆடியில், ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து மேல்மண்ணை மாற்றினால் செடி புதிதாகக் கிளைக்கும். விதைக்கு வைப்பதாக இருந்தால் ஒரு கிளையின் மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடிக் காய் பிடித்ததும் அவிழ்த்துவிட்டு, அந்தக் காய்க்கு நூல் கட்டுங்கள். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் தேனீ கலந்துவிடும். கலந்தாலும் இந்த வருடக் காயின் காரம் மாறாது, அடுத்த தலைமுறைச் செடியில்தான் வித்தியாசம் தெரியும். குடைமிளகாய் பக்கத்தில் வைத்தால் காந்தாரி காரம் குறையும் என்பது வீண் பயம்.

பறிப்பும் பயன்பாடும்

காரம் விதையில் இல்லை, விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் காந்தாரி வகைகள் சுமார் 50,000 முதல் 1,00,000 வரை. ஒப்பிட, மெக்சிகோவின் ஹலபீன்யோ மிளகாய் 2,500 முதல் 8,000. 2007இல் கின்னஸில் ஏறிய நாகா வகையான பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தாண்டியது. வீட்டுக் கணக்கில், மூன்று பச்சை மிளகாய் போடும் இடத்தில் ஒரு காந்தாரி.

பழுத்தது காம்பை விட்டுவிடும் என்று மேலே சொன்னோம். அப்படிக் கழன்ற இடத்தில் துளை விழும், இரண்டு நாளில் அழுகும். ஊறுகாய்க்குப் பச்சையோ பாதி பழுத்ததோதான் சரி. கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள்.

மரவள்ளிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள: பச்சைக் காந்தாரி 10, சின்ன வெங்காயம் 8, கல் உப்பு அரை தேக்கரண்டி. அம்மியில் முதலில் உப்பையும் மிளகாயையும் நசுக்கி, பிறகு வெங்காயம் வைத்து ஒன்றிரண்டாகச் சதைத்து, இரண்டு மேசைக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றவும். நான்கு பேருக்குப் போதும். மிக்ஸியில் அரைத்தால் வெங்காயம் கசக்கும், துவையல் கூழாகும்.

மோர் மிளகாய்க்கு: கால் கிலோ காந்தாரியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் ஊசியால் ஓரிடத்தில் குத்தவும். குத்தாவிட்டால் உப்பு உள்ளே போகாது, எண்ணெயில் வெடிக்கும். 300 மில்லி புளித்த கெட்டி மோரில் 30 கிராம் உப்பு போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில். மூன்று நாளில் மோர் வற்றிவிடும். அதன்பின் நான்கைந்து நல்ல வெயில், கிலுகிலுவென்று சத்தம் வரும்வரை. மாசி, பங்குனியில் செய்யுங்கள். கார்த்திகையில் செய்தால் பூசணம்தான் மிஞ்சும்.

புளிக்கவைத்த சாஸ் விரும்புபவர்களுக்கு ஒரு செய்தி: லூசியானாவின் ஏவரி தீவில் 1868 முதல் வரும் டபாஸ்கோ சாஸின் மிளகாயும் காந்தாரியும் ஒரே இனம். சிவந்த பழம் 200 கிராமைக் காம்பு நீக்கி, 6 கிராம் உப்போடு அரைத்து, கண்ணாடிச் சாடியில் முக்கால் அளவு நிரப்பி, வாயு வெளியேற மூடியைத் தளர்த்தி வைக்கவும். நம் வெப்பத்தில் 10 நாளில் புளித்துவிடும். தினம் ஒரு முறை சுத்தமான கரண்டியால் அமுக்கிவிடுங்கள். மேலே வெள்ளையாகத் தட்டை ஆடை படிந்தால் எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, பஞ்சு போன்ற பூசணம் என்றால் முழுவதும் கொட்டிவிடுங்கள். பிறகு 100 மில்லி வினிகர் சேர்த்து வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைக்கலாம்.

பச்சைக் காந்தாரியையும் பூண்டையும் எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியே வைக்கும் பழக்கம் பரவுகிறது. செய்யாதீர்கள். புளிப்பும் காற்றும் இல்லாத எண்ணெயில் உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர இடம் உண்டு, வாசத்திலோ நிறத்திலோ தெரியாது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ முழுக்க மூடும்படி ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

வெள்ளைக் காந்தாரியை முழுங்கினால் கொழுப்பு கரையும் என்ற பேச்சை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் முழுங்கினால் எரிச்சல் நிச்சயம்.

கையில் எரிந்தால் தண்ணீர் உதவாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. சமையல் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. வாய்க்குத் தயிர் அல்லது பால். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மிளகாய் வேலைக்கு முன்பே லென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அன்று முழுக்க விரலில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.